பித்தநாளச் சீரமைப்பு: எண்ணில் அடங்குவதும் அடங்காததும்

ஓர் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டம் பணம் தர வேண்டுமானால், அந்த அறுவைக்குப் பட்டியலில் ஒரு பெயரும், பெயருக்கு எதிரே ஒரு குறியீடும், குறியீட்டுக்கு எதிரே ஒரு தொகையும் இருக்க வேண்டும். நோயாளியின் உடலுக்குள் நடந்தது எதுவாக இருந்தாலும், மருத்துவமனைக் கணக்கிலும் அரசுக் கணக்கிலும் நிலைத்திருப்பவை அந்த எழுத்துகளும் இலக்கங்களுமே. கண்புரை, குடல்வால் போன்ற அறுவைகளில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் தொல்லையின்றி நடக்கிறது, ஏனெனில் அங்கே நோயின் பெயரைச் சொன்னாலே அறுவையின் பெயர் தெரிந்துவிடுகிறது. பித்தநாளத்தைச் சீரமைக்கும் அறுவைகளில் அப்படித் தெரிந்துவிடுவதில்லை. நாளத்தையும் சிறுகுடலையும் இணைக்கும் ஒரே அறுவை, கல்லுக்காகவும் செய்யப்படலாம், கட்டிக்காகவும் செய்யப்படலாம், பிறவிக் குறைக்காகவும் செய்யப்படலாம், முந்தைய அறுவையில் நேர்ந்த வெட்டுக்காகவும் செய்யப்படலாம். மறுபுறம், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு வெட்டுகளில் ஒன்றுக்கு நான்கு தையல்கள் போதுமென்றால், மற்றொன்றுக்கு ஒரு நாளில் பாதி நீளும் பெரிய அறுவை தேவைப்படலாம். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில், மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்துள்ள தியாகதுருகம் போன்ற பேரூரில் வாழும் குடும்பத்துக்கு இது வெறும் கணக்குப் பிரச்சினையன்று. அங்கிருந்து கல்லெடுக்கப் போவது ஓர் ஊருக்கு, கோளாறு கண்டுபிடிக்கப்படுவது இன்னோர் ஊரில், சரிசெய்யப்படுவது மூன்றாவது ஊரில் என்று சிகிச்சை சிதறிப்போவதால், ஒரு மருத்துவர் செய்ததை அடுத்த மருத்துவருக்குச் சொல்வது நோயாளியின் கைப்பையில் இருக்கும் காகிதம் ஒன்றுதான்.

கல்லீரல் ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் வலப்பாதியிலிருந்தும் இடப்பாதியிலிருந்தும் வரும் இரண்டு நாளங்கள் கல்லீரலின் வாயிலில் ஒன்றுசேர்ந்து பொதுக் கல்லீரல் நாளமாகின்றன. பித்தப்பையிலிருந்து வரும் சிறு நாளம் அதன் பக்கவாட்டில் வந்து சேர்ந்த பிறகு, அதே குழாய் பொதுப் பித்தநாளம் என்ற பெயருடன் முன்சிறுகுடல் வரை இறங்குகிறது. எழுதும் பென்சிலின் பருமனைக்கூட எட்டாத, மெல்லிய சுவருடைய இந்தக் குழாய்க்கு மாற்றுவழி எதுவும் உடலில் கிடையாது. அது அடைபட்டால் பித்தநீர் இரத்தத்தில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன, சிறுநீர் கடுந்தேநீர் நிறம் கொள்கிறது, மலம் வெளுக்கிறது, உடலெங்கும் அரிப்பெடுக்கிறது. அது ஒழுகினால் பித்தநீர் வயிற்றறைக்குள் பரவிச் சீழ்பிடிக்கிறது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் கண் மஞ்சளானால் அதற்குக் காமாலை என்று ஒரே பெயர்தான்; கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பதும், உப்பையும் எண்ணெயையும் ஒதுக்கிப் பத்தியம் இருப்பதும், காமாலைக்கு மருந்து கொடுப்பவரைத் தேடிப் போவதும் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிவதால், அந்த வழக்கத்தின் மீது மக்களுக்கு உள்ள நம்பிக்கை புரிந்துகொள்ளக் கூடியதே. அடைப்பினால் வரும் காமாலையோ பத்தியத்துக்குக் கட்டுப்படுவதில்லை, ஏனெனில் அங்கே கல்லோ கட்டியோ தழும்போ குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. மேல் வயிற்றின் வலப்புறம் வலியும், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும், மஞ்சளும் ஒன்றாக வந்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏறிவிட்டது என்று பொருள். அந்நிலையில் கழியும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்தானது.

கல்லெடுத்த பின் வரும் காமாலை

கல்லுக்காகப் பித்தப்பையையே அகற்றும் அறுவையை முதன்முதலில் 1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர் செய்தார். ஒரு நூற்றாண்டுக் காலம் வயிற்றைத் திறந்தே செய்யப்பட்டுவந்த அந்த அறுவை, 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூ என்பவரின் கையில் லேப்ராஸ்கோப்பி முறைக்கு, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் முறைக்கு மாறியது. இந்தியாவில் 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா அதைத் தொடங்கிவைத்தார். பெரிய தழும்பு இல்லை, நீண்ட படுக்கை இல்லை, சில நாட்களில் வேலைக்குத் திரும்பலாம் என்பதால் இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் அது அன்றாட அறுவையாகிவிட்டது. அந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. திறந்த அறுவையில் ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ நேர்ந்த பித்தநாளக் காயம், லேப்ராஸ்கோப்பி பரவிய காலத்தில் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை உயர்ந்ததாக உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகள் பதிவுசெய்தன.

காயம் எப்படி நேர்கிறது என்பது பலமுறை ஆராயப்பட்ட ஒன்று. வெட்ட வேண்டியது பித்தப்பையின் சிறு நாளம். ஆனால் நெடுநாள் அழற்சியால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வயிற்றில் பொதுப் பித்தநாளமே சிறு நாளம் போலத் திரையில் தோற்றமளிக்கிறது, அறுவை மருத்துவர் அதற்குக் கிளிப் போட்டு வெட்டிவிடுகிறார். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டிராஸ்பெர்க் 1995இல் இதைத் தவிர்க்க ஒரு விதியை வகுத்தார்: பித்தப்பையோடு சேரும் குழாய்கள் இரண்டே இரண்டுதான் என்பது எல்லாத் திசையிலும் துலங்கும் வரை எதையும் வெட்டக் கூடாது. நாளக் காயங்களை வகைப்படுத்தும் ஏ முதல் இ வரையிலான அட்டவணையும் அவருடையதே. அதில் ஏ என்பது சிறு கசிவு, இ என்பது முதன்மை நாளமே அறுபட்டோ சுருங்கியோ போன நிலை. விதியைப் பின்பற்றியும் காயம் நேரலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காயம் நேர்ந்தது என்பதாலேயே அலட்சியம் நடந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் நேர்ந்த காயம் எழுதப்படாமல் போவதை எந்த நியாயத்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாது.

காயம் அறுவை மேசையிலேயே கண்டறியப்படுவது எப்போதும் நடப்பதில்லை. கசிவாக இருந்தால் முதல் வாரத்திலேயே வயிறு உப்பிக் காய்ச்சல் வரும். சுருக்கமாக இருந்தால் மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூடக் கழித்துக் காமாலையாக வெளிப்படும். அதற்குள் நோயாளி வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் முன் அமர்ந்திருப்பார்.

சரிசெய்யும் வழிகள் காயத்தின் தன்மையைப் பொறுத்தவை. சிறு கசிவுக்கு இ.ஆர்.சி.பி. என்னும் முறை போதும். வாய்வழியே வளைகுழாய்க் கேமராவை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயை அகலப்படுத்தி, உள்ளே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழலைப் பொருத்திவிட்டால் பித்தநீர் ஒழுகாமல் குடலுக்குள் இறங்கும். அறுவையின்போதே தெரிந்துவிட்ட சிறிய கிழிசலை நேராகத் தைத்துவிடலாம், டி வடிவக் குழாய் ஒன்றை உள்ளே வைத்துச் சில வாரங்களில் எடுத்துவிடலாம். முழுதாக அறுபட்ட நாளத்தின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதும் உண்டு, எனினும் அந்த இணைப்பு பின்னாளில் சுருங்கிவிடும் வாய்ப்பு அதிகம். எனவே பெரிய காயங்களுக்கு நிலைபெற்ற சிகிச்சை ஹெபாட்டிக்கோஜெஜுனாஸ்டமி என்னும் இணைப்பு அறுவைதான்: சிறுகுடலின் நடுப்பகுதியை ஓரிடத்தில் துண்டித்து, அதன் கீழ்ப்பாதியைக் கல்லீரல் வாயில் வரை மேலே கொண்டுவந்து, ஆரோக்கியமான நாளத்தோடு மெல்லிய நூலால் தைத்து, மேற்பாதியை அதற்குக் கீழே ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளிப் பக்கவாட்டில் இணைத்துவிடுவார்கள். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் அமையும் இந்தக் குடலிணைப்புக்கு, அதைப் பரப்பிய சுவிட்சர்லாந்து மருத்துவர் சீசர் ரூவின் பெயர் வழங்குகிறது. இதைச் செய்ய ஈரல்–கணைய அறுவையில் பழகிய கை வேண்டும். முதல் முயற்சியே நன்றாக அமைவது மிக முக்கியம், ஏனெனில் ஒவ்வொரு மறு அறுவையிலும் தைப்பதற்கு எஞ்சியிருக்கும் நாளம் குறைந்துகொண்டே போகிறது.

47900 என்ற எண்

மருத்துவச் செயல்களுக்கு எண் கொடுக்கும் முறைகளில் உலகில் அதிகமாகப் பேசப்படுவது சி.பி.டி. எனப்படும் அமெரிக்கத் தொகுதி. அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை 1966இல் முதலில் வெளியிட்டது. 1970ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலுக்கும் ஐந்து இலக்க எண் வழங்கப்படுகிறது. அமெரிக்க நோயாளிகளுக்காக உருவான இந்த எண்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. சென்னை, திருச்சி, கோவை, சேலம் நகரங்களின் மெடிக்கல் கோடிங் அலுவலகங்களில் தாவரவியல், விலங்கியல், செவிலியம், மருந்தியல் படித்த பெருந்தொகையான இளைஞர்கள் அமெரிக்க மருத்துவமனைகளின் அறுவைக் குறிப்புகளைப் படித்து எண்களாக மாற்றும் வேலையைச் செய்துவருகிறார்கள். ஊரில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் என்று தொலைபேசி வரும்போது, கடல் கடந்த யாரோ ஒருவரின் பித்தப்பையைப் பற்றி எழுதிய பக்கங்கள் அவர்கள் திரையில் திறந்திருக்கக் கூடும்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குப் பித்தநாளமே நல்ல சான்று. வயிற்றைத் திறந்து, ஒட்டுதல்களைப் பிரித்து, தேங்கிய பித்தநீரை வெளியேற்றி, அறுபட்ட பொதுக் கல்லீரல் நாளத்தைக் கண்டுபிடித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து தைத்து, வடிகுழாய் வைத்து மூடியதாக ஓர் அறுவைக் குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோடர் முதலில் கேட்க வேண்டியது, தையல் எங்கே போடப்பட்டது என்பது. கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளத்தோடு ரூ முறையில் குடல் இணைக்கப்பட்டிருந்தால் 47780. கல்லீரலுக்குள் உள்ள கிளை நாளத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் 47785. குடலைத் துண்டிக்காமல் நேரடியாக இணைத்திருந்தால் முறையே 47760, 47765. நாளத்தின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தால் 47800. நாளத்தை வெறுமனே தைத்திருந்தால் 47900. ஒட்டுதல் பிரித்ததற்கும் வடிகுழாய் வைத்ததற்கும் தனி எண் கிடையாது. அவை பெரிய அறுவைக்குள் அடக்கம். இதே இணைப்பை லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்திருந்தாலோ, அதற்கென்று தனி எண் இல்லாததால் பட்டியலில் இடம்பெறாத லேப்ராஸ்கோப்பிப் பித்த அறுவை என்று பொருள்படும் 47579ஐப் பயன்படுத்தி, செய்தது என்ன என்பதைத் தனியே விளக்கி எழுத வேண்டும். அறுவைக் குறிப்பில் குடலை மேலே கொண்டுவந்து தைத்ததாக மட்டும் இருந்து, எந்த நாளம், எந்த மட்டம் என்பது விடுபட்டிருந்தால், எண்ணைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் கோடர் கேள்வி எழுதி மருத்துவருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். எழுதப்படாத அறுவை நடக்காத அறுவை என்பது அத்தொழிலின் முதல் பாடம்.

இந்த வரிசையில் 47900க்கு ஒரு தனித்தன்மை உண்டு. தொகுதியில் அதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம், முன்பே ஏற்பட்ட காயத்துக்காகக் கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளத்தைத் தைத்தல் என்று அமைந்திருக்கிறது. காரணத்தைக் கேட்காமல் செயலை மட்டும் எண்ணும் ஒரு தொகுதியில், காயம் முந்தையது என்ற நிபந்தனை விளக்கத்துக்குள்ளேயே நுழைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க அரசுக் காப்பீட்டின் கட்டண விதிகளும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து சொல்கின்றன: ஓர் அறுவையின்போது மருத்துவர் தாமே ஏற்படுத்திய கிழிசலை அதே அமர்வில் தாமே தைத்தால், அதற்குத் தனியாகக் கட்டணம் கோரக் கூடாது. காயப்படுத்தியவர் தையலுக்குக் கூலி வாங்கக் கூடாது என்ற அறம் ஒரு கணக்கு விதிக்குள் இடம்பிடித்திருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. அந்த விதி பாதிதான் காக்கிறது என்பதும் உண்மையே. தனியாகக் கேட்க முடியாத தையலுக்குத் தனி எண் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத எண்ணைக் கொண்டு காயங்களைக் கணக்கெடுக்க முடிவதில்லை.

ஆகவே காரணத்தைச் சொல்லும் பொறுப்பு இன்னொரு தொகுதியின் தலையில் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் பேணிவரும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. அதன் பத்தாம் திருத்தத்தில் பித்தநாள அடைப்புக்கு கே83.1, நாளம் துளைபட்டதற்கு கே83.2, நாளக் கல்லுக்கு கே80.5, பிறவி நாளக் கட்டிக்கு கியூ44.4 என்று குறிகள் இருப்பதோடு, சிகிச்சையின்போது தற்செயலாக நேர்ந்த துளைக்கும் கிழிசலுக்கும் டி81.2 என்ற குறியும், அது அறுவையின்போது நேர்ந்தது என்பதைச் சொல்ல ஒய்60.0 என்ற துணைக்குறியும் உண்டு. செயல் எண்ணும் நோய்க் குறியும் இணைந்தால்தான் முழு வாக்கியம் அமைகிறது: இன்னது செய்யப்பட்டது, இன்ன காரணத்துக்காக. துணைக்குறி இல்லாமலும் கட்டணம் வந்துவிடும் என்றால் அதை எழுதுவதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

அப்ரூவலும் பேக்கேஜும்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களின் பெரிய அறுவைகளை இத்தகைய குறியீடுகளுக்குள் முதலில் கொண்டுவந்தது 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். அதன் இடத்தில் 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் அது மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, இன்று ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழிசெய்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் பதிவு மையத்துக்குச் சென்றால் அட்டை கிடைக்கும். 2019 நவம்பர் வரை தியாகதுருகம் பகுதி மக்கள் ஆட்சியர் அலுவலக வேலைக்கு விழுப்புரம் வரை போக வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. கல்வராயன் மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் அமைந்ததும் அப்போதுதான்.

மாவட்டத்துக்கு அடுத்து வந்தது மருத்துவக் கல்லூரி. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. தியாகதுருகத்திலிருந்து சற்று நேரப் பயணத்தில் எட்டக்கூடிய தொலைவில் ஒரு கல்லூரி மருத்துவமனை இருப்பது இவ்வட்டாரத்துக்குப் பெரிய மாற்றம். ஆயினும் அறுபட்ட பித்தநாளத்தை மீண்டும் அமைக்கும் அறுவை, எல்லா மருத்துவமனையிலும் செய்யக்கூடியதன்று. அதற்கான இரைப்பை–குடல் அறுவைத் துறைகள் சென்னையின் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய நிறுவனங்களில்தான் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கின்றன. ஸ்டான்லியில் ஈரல் மாற்று அறுவையே 2009 முதல் செய்யப்பட்டுவருகிறது.

திட்டத்தின் கீழ் சிகிச்சை நடக்கும் விதம் இது. நோயாளி சேர்க்கப்பட்டதும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உள்ள தொடர்பு அலுவலர் அட்டையைச் சரிபார்க்கிறார். மருத்துவர் சொல்லும் அறுவைக்குப் பட்டியலில் பொருத்தமான பேக்கேஜை, அதாவது ஒட்டுமொத்தத் தொகை குறிக்கப்பட்ட தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேன், ஈரல் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் காந்த அதிர்வில் பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஆகியவற்றின் முடிவுகளை இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்கிறார். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் பார்த்து அனுமதி தரும் வரை நடைவழியில் நிற்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சொல், அப்ரூவல் வந்துடுச்சா என்பதே. அறுவை முடிந்து வீடு திரும்பும்போது அறுவைக் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஏற்றப்பட்ட பின்பே மருத்துவமனைக்குப் பணம் வரும். நோயாளியிடம் பணம் கேட்டால் புகார் செய்யக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

தேசிய அளவில் இந்தப் பட்டியலின் குறியீடு இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது, எஸ்.ஜி. என்றால் பொது அறுவை, எஸ்.பி. என்றால் எலும்பு அறுவை. பின்னர் மூன்று இலக்கங்களும், வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தும் வரும். பித்தப்பை அகற்றும் அறுவைக்கு எஸ்.ஜி.039 என்ற ஒரே தலைப்பின் கீழ், வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பியிலா, பொதுப் பித்தநாளத்தைத் திறந்து சோதித்தா, சோதிக்காமலா என்று நான்கு வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தொகுதியில் மருத்துவரின் கூலி ஓர் எண்ணிலும், மருத்துவமனையின் செலவு வேறொரு வழியிலும் கணக்கிடப்படுகையில், இங்கே படுக்கை, மருந்து, பரிசோதனை, உணவு, மருத்துவர் ஊதியம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. சேர்க்கைக்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் கவனிப்பும், சிகிச்சையின்போது நேரும் சிக்கல்களும் அத்தொகைக்குள் அடக்கம் என்கிறது தேசிய விதி. ஒரே சேர்க்கையில் மூன்று அறுவைகள் நடந்தால் பெரியதற்கு முழுத் தொகையும், இரண்டாவதற்குப் பாதியும், மூன்றாவதற்குக் காலும் கிடைக்கும். பட்டியலில் இல்லாத அறுவைக்குத் தனி அனுமதி பெற்றுச் செய்ய வழியுண்டு.

பேக்கேஜ் முறை ஏழைக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு மிகப் பெரியது. பில் எவ்வளவு வருமோ என்று நகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய நிலையை அது பல லட்சம் குடும்பங்களிலிருந்து அகற்றியிருக்கிறது. ஆனால் பித்தநாளக் காயம் அதன் பொருத்துகளில் சிக்கிக்கொள்கிறது. கல்லெடுத்த மருத்துவமனையிலேயே, அதே சேர்க்கையில் காயம் தெரிந்தால் செலவு பழைய பேக்கேஜுக்குள் அடங்கும். ஆகவே அங்கே காயத்தை அறிவிக்க மருத்துவமனைக்குப் பண ஊக்கம் எதுவும் இல்லை. இருபதாம் நாள் வேறோர் ஊரில் தெரிந்தால் அது புதிய சேர்க்கை, புதிய பேக்கேஜ். அங்கே எழுதப்படுவது செய்யப்போகும் இணைப்பு அறுவையின் பெயர். முதல் மருத்துவமனைப் பதிவில் வெற்றிகரமாக முடிந்த பித்தப்பை அறுவை ஒன்றும், இரண்டாவது மருத்துவமனைப் பதிவில் வெற்றிகரமாக முடிந்த இணைப்பு அறுவை ஒன்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு குடும்பம் கடந்துவந்த வேதனை எந்த எண்ணிலும் ஏறியிருக்காது. இதற்குத் தனியொரு மருத்துவரின் மீதோ மருத்துவமனையின் மீதோ பழி போடுவதைவிட, பதிவின் அமைப்பைத் திருத்துவதே பயன் தரும். ஒரே குடும்ப அட்டையில் பித்தப்பை அறுவைக்குப் பின் பித்தநாள இணைப்பு அறுவையோ ஸ்டென்ட்டோ பதிவானால் அதை இணைத்துப் பார்ப்பது, எல்லாப் பதிவும் ஓர் அட்டை எண்ணின் கீழ் வரும் இத்திட்டத்தில் கடினமான காரியமில்லை. நோக்கம் தண்டனையாக இருக்கக் கூடாது. எந்த மாவட்டத்தில் பயிற்சி தேவை, எங்கே இ.ஆர்.சி.பி. வசதி தேவை, எந்த மருத்துவமனையிலிருந்து எதற்கு விரைவாக அனுப்ப வேண்டும் என்பதை அந்தப் பதிவுகளே காட்டிக்கொடுக்கும். காயமடைந்தவரைத் தாமதமின்றிப் பழகிய கைக்கு அனுப்பிய முதல் மருத்துவர் அதற்காகப் பாராட்டப்பட வேண்டும். தாமதமானால் தேங்கிய பித்தநீரே ஈரலைத் தழும்பாக்கி, இறுதியில் ஈரல் மாற்று அறுவை வரை கொண்டுபோய்விடும். அந்தச் செலவையும் இதே அரசுதான் சிறப்பு நிதியிலிருந்து ஏற்க வேண்டியிருக்கிறது.

பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. பித்தநாளம் உருவாகாமலோ அடைபட்டோ பிறக்கும் குழந்தைக்கு, ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த முறைப்படி ஈரல் வாயிலோடு குடலை இணைக்கும் அறுவையைச் செய்ய வேண்டும். அமெரிக்கத் தொகுதியில் அது 47701. பிறந்து ஏறத்தாழ 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். பச்சிளங்குழந்தையின் மஞ்சள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் வெயில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பதை மலைக் கிராமங்களுக்குச் செல்லும் கிராமச் சுகாதாரச் செவிலியர் தாய்மாரிடம் சொன்னால், அது எந்தக் குறியீட்டையும்விட அந்தக் குழந்தைக்கு உதவும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டியது

காப்பீட்டுக்காக ஏற்றப்படும் ஆவணங்கள் நோயாளியின் கைக்கு வருவதில்லை. வருவது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பித்தநாளச் சீரமைப்பில் இந்த உரிமைக்கு உயிர் மதிப்பு உண்டு. முதல் அறுவையின் குறிப்பு கையில் இருந்தால், கிளிப் எங்கே போடப்பட்டது, நாளம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, இரத்தக்குழாயும் அறுபட்டதா என்பதை இரண்டாவது மருத்துவர் வயிற்றைத் திறப்பதற்கு முன்பே ஊகிக்க முடியும். அது இல்லாதபோது அவர் படங்களை மட்டுமே நம்பி இருட்டில் துழாவ வேண்டியிருக்கிறது.

ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானதன்று. ஏறத்தாழ 3 மாதங்களில் அதில் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துவிடவோ மாற்றவோ வேண்டும். அமெரிக்கத் தொகுதியில் வைப்பதற்கு 43274, எடுப்பதற்கு 43275, மாற்றுவதற்கு 43276 என்று மூன்று எண்கள் தனித்தனியே இருப்பது, வைத்த ஒன்றை எடுக்கும் வரை சிகிச்சை முடியவில்லை என்பதைக் கணக்கிலேயே நினைவூட்டுகிறது. வலி நின்றதும் உடம்பு தேறிவிட்டதாக எண்ணி, கரும்பு வெட்டுக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ கட்டட வேலைக்கோ திரும்பிவிடும் ஒருவருக்கு உள்ளே ஒரு குழல் இருப்பது நினைவிலிருந்து மறைந்துவிடுவது இயல்பு; ஓராண்டு கழித்துக் குளிர்காய்ச்சலும் மஞ்சளுமாக அவர் மீண்டும் வரும்போது, காமாலை திரும்பிவிட்டது என்று வீட்டார் கீழாநெல்லி தேடுகிறார்கள்.

உடலுக்குள் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது, இன்ன தேதிக்குள் எடுக்க வேண்டும், இன்ன மருத்துவமனையின் இன்ன பிரிவுக்கு வர வேண்டும், எடுக்கும் செலவு காப்பீட்டில் அடங்குமா என்னும் விவரங்களைத் தமிழில், பெரிய எழுத்தில், சம்மரியின் முதல் பக்கத்திலேயே அச்சிட எந்த மருத்துவமனைக்கும் கூடுதல் செலவு ஆகாது. வைப்பதற்கு முன் அனுமதி தரும்போதே எடுக்க வேண்டிய தேதியையும் பதிவுசெய்ய வேண்டும் என்று திட்டம் விதித்தால், அந்தத் தேதி நெருங்கும்போது குடும்பத்தின் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும், அப்பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியலும் தாமாகவே போய்ச் சேரும். தொலைபேசிக் கோபுரம் எட்டாத மலைக் குக்கிராமங்களில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு செவிலியர் நேரில் போய்ச் சொல்லிவிட முடியும்.